அண்ணனிடம் கணக்குக் கேட்பது தப்பா?

வானொலியில் இரவு நிகழ்ச்சி நடத்துகிறவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். ஒலிபரப்பில் பேசுகிற அழைப்புகளைவிட, "இதை மட்டும் போட்டுடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் பேசுகிற அழைப்புகள்தான் கனமானவை. சில மாதங்களுக்கு முன் அப்படி ஓர் அழைப்பு. கிள்ளான் பக்கத்திலிருந்து ஓர் அக்கா. பாட்டுக் கேட்கத்தான் அழைத்தார். பாட்டின் பெயரைச் சொல்லிவிட்டு, ஃபோனை வைக்காமல் நின்றார்.

"அப்பா போய் எட்டு வருஷம் ஆச்சும்மா. வீடு அண்ணன் பேர்ல இருக்கு. நிர்வாகின்னு போட்டாங்க. கேட்டா 'பாத்துக்கலாம்'னு சொல்றாரு. நான் கேக்கிறது தப்பா?"

அந்தக் கடைசிக் கேள்விக்கு எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. காரணம், அதே கேள்வியை என் அம்மா எங்கள் வீட்டுச் சமையலறையில் பல வருடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

எங்கள் வீட்டுக் கதை

என் தாத்தா துறைமுகத்தில் வேலை செய்தவர். கிள்ளானில் ஒரு தரை வீடு வாங்கிப் போட்டார். 2013-இல் உயில் எழுதாமல் காலமானார். பாட்டியும் நான்கு பிள்ளைகளும் வாரிசுகள்: பெரிய மாமா, அம்மா, சின்ன மாமா, சித்தி. அடுத்த வருடம் நில அலுவலகத்தில் விசாரணை நடந்தது. "மூத்தவர்தானே, அவரே பார்க்கட்டும்" என்று எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். பெரிய மாமா நிர்வாகி ஆனார். பாட்டி இருக்கும்வரை அந்த வீட்டிலேயே இருக்கட்டும் என்று பேசி வைத்தார்கள். அதில் யாருக்கும் குறை இல்லை.

2015-இல் பாட்டியும் போய்ச் சேர்ந்தார். மறு வருடம் மாமா வீட்டை வாடகைக்கு விட்டார். மாதம் 1,100 வெள்ளி. அதன் பிறகு அந்த வீட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. தீபாவளிக்குப் போவோம், முறுக்குச் சாப்பிடுவோம், வருவோம். வழியில் காரில் அம்மா மெல்ல ஆரம்பிப்பார்: "அண்ணன் ஏதாவது சொன்னாரா?" அப்பா பதில் சொல்ல மாட்டார்.

2021-இல் சின்ன மாமா இறந்தார். அத்தை இரண்டு பிள்ளைகளோடு நின்றார். அப்போதுதான் அந்த வீடு வெறும் வீடாக இல்லாமல், பள்ளிக் கட்டணமாகவும் வீட்டு வாடகையாகவும் எங்கள் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தது. அத்தைக்குக் கேட்க உரிமை இருந்தது, வாய் வரவில்லை. அம்மாவுக்கு வாய் இருந்தது, மனம் வரவில்லை. "அண்ணன்கிட்ட போய் கணக்குக் கேக்கிறதா? எங்கப்பா வளர்த்த வளர்ப்பு அதில்ல."

நிர்வாகி யார்?

பிரிக்பீல்ட்ஸ், துன் சம்பந்தன் சாலையில் ஒரு மாடி அலுவலகத்தில், எனக்குத் தெரிந்த ஒரு வழக்கறிஞர் அக்காவைப் பார்க்கப் போனேன். அவர் முதலில் சட்டப் புத்தகத்தை எடுக்கவில்லை. ஒரு கேள்வி கேட்டார்: "உங்க மாமா அந்த வீட்டுக்குச் சொந்தக்காரரா, காவல்காரரா?"

பதில் அதிலேயே இருக்கிறது. நிலப் பத்திரத்தில், அதாவது கெரானில், நிர்வாகி என்று ஒருவர் பெயர் ஏறியிருந்தால் அவர் அந்தச் சொத்தைப் பிறருக்காகப் பிடித்து வைத்திருப்பவர். இறந்தவரின் சொத்துகளைத் திரட்ட வேண்டும், கடன்களை அடைக்க வேண்டும், மிச்சத்தை வாரிசுகளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். வேலை அவ்வளவுதான். உயில் இருந்தால் அதில் குறிப்பிடப்பட்ட நிறைவேற்றுநர் இந்த வேலையைச் செய்வார். இல்லாவிட்டால் நீதிமன்றமோ நில அலுவலகமோ நியமிக்கும் நிர்வாகி செய்வார்.

நம் நாட்டில் இதற்கான அடிப்படைச் சட்டம் 1959-ஆம் ஆண்டின் உயில் மெய்ப்பிப்பு, சொத்து நிர்வாகச் சட்டம். அதில் வாரிசுகள் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டியவை சில.

இறந்த நாளிலிருந்து ஓர் ஆண்டு முடிவதற்கு முன் பிரித்துக் கொடுக்கும்படி நிர்வாகியைக் கட்டாயப்படுத்த முடியாது (பிரிவு 77). அந்த ஓர் ஆண்டு அவருக்கு மூச்சுவிடச் சட்டம் கொடுத்த அவகாசம். ஆண்டு முடிந்ததும் தானாகவே அவர் குற்றவாளி ஆகிவிடுவதும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு, "ஏன் இன்னும் முடியவில்லை?" என்று கேட்டால் அவர் காரணம் சொல்லியாக வேண்டும்.

சட்டப்படி கேட்கப்பட்டால், சொத்துப் பட்டியலையும் வரவு செலவுக் கணக்கையும் சத்தியப் பிரமாணத்தோடு நீதிமன்றத்தில் வைக்க நிர்வாகி கடமைப்பட்டவர் (பிரிவு 62).

நீதிமன்றத்தின் முன் அனுமதி இல்லாமல் நிலத்தையோ வீட்டையோ நிர்வாகி விற்கவோ, அடமானம் வைக்கவோ, பரிசாகக் கொடுக்கவோ முடியாது (பிரிவு 60). உயில்வழி வரும் நிறைவேற்றுநருக்கு இந்தக் கட்டுப்பாடு அதே மாதிரி இல்லை.

தகுந்த காரணம் இருந்தால், கொடுத்த நியமனத்தை நீதிமன்றம் திரும்பப் பெறலாம் (பிரிவு 34).

நிர்வாகியின் உழைப்பையும் சட்டம் மறக்கவில்லை. சொத்து மதிப்பில் ஐந்து விழுக்காட்டுக்கு மேற்படாத ஊதியத்தை நீதிமன்றம் அவருக்கு அனுமதிக்கலாம் (பிரிவு 43). "இவ்வளவு அலைஞ்சேன், எனக்கு என்ன?" என்று கேட்கிற அண்ணன்மாருக்கு இதுதான் நேரான வழி. வாடகைப் பணத்தில் கை வைப்பது வழி இல்லை.

தாமதம் எல்லாமே ஏமாற்று அல்ல

வழக்கறிஞர் அக்கா இன்னொன்றும் சொன்னார். அவரிடம் கோபத்தோடு வருகிறவர்கள் பலருக்கு, நிர்வாகி படும் பாடு தெரிவதில்லை. அசல் கெரான் காணாமல் போயிருக்கும். வங்கிக் கடன் பாக்கி இருக்கும். இறந்தவரின் வருமான வரி தீர்க்கப்படாமல் இருக்கும். ஒரு வாரிசு வெளிநாட்டில் இருப்பார். இன்னொருவர் பத்து வருடமாகப் பேசாமல் இருப்பார். பிறப்புப் பத்திரத்தில் அப்பா பெயர் ஒரு மாதிரியும் அடையாளக் கார்டில் வேறு மாதிரியும் எழுதியிருக்கும். நம் பெயர்களுக்கு இது புதிதா என்ன?

ஆகவே முதல் கேள்வி, "எப்போ கொடுப்பீங்க?" என்பதாக இருக்க வேண்டாம். "எங்கே நிக்குது? நான் என்ன செய்யணும்?" என்று கேட்டுப் பாருங்கள். உண்மையிலேயே மாட்டிக்கொண்டிருப்பவர் இந்தக் கேள்விக்கு வாய் திறப்பார். மறைக்கிறவர் இதற்கும் "பாத்துக்கலாம்" என்றுதான் சொல்வார். வித்தியாசம் அங்கேயே தெரிந்துவிடும்.

பங்கு எவ்வளவு?

கேட்பதற்கு முன் நம் பங்கு என்ன என்று தெரிந்திருக்க வேண்டும். தீபகற்ப மலேசியாவில், உயில் எழுதாமல் இறந்த முஸ்லிம் அல்லாதவர்களுக்கு 1958-ஆம் ஆண்டின் சொத்துப் பங்கீட்டுச் சட்டம் பொருந்தும். மனைவி அல்லது கணவர், பிள்ளைகள், பெற்றோர் மூன்று தரப்பும் இருந்தால் துணைக்கு நான்கில் ஒன்று, பிள்ளைகளுக்குப் பாதி, பெற்றோருக்கு நான்கில் ஒன்று. பெற்றோர் இல்லை என்றால் துணைக்கு மூன்றில் ஒன்று, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. பிள்ளைகளுக்குள் சம பங்கு. மகன், மகள் என்ற பேதம் சட்டத்தில் இல்லை. "கட்டிக் கொடுத்தாச்சு, அவளுக்கு என்ன பங்கு?" என்ற பேச்சுக்கும் இடம் இல்லை.

இந்த விகிதங்கள் 1997 ஆகஸ்ட் 31 முதல் நடப்பில் உள்ளவை. அதற்கு முன் இறந்தவர்களுக்குப் பழைய விகிதம். அதனால் இறந்த தேதியை முதலில் பாருங்கள்.

இபிஎஃப் பணம் தனி. முஸ்லிம் அல்லாதவர் முறைப்படி பெயர் நியமித்திருந்தால், அந்தப் பணம் நியமிக்கப்பட்டவருக்கே போகும். அது நிர்வாகி கைக்கு வராது, பங்குக் கணக்கிலும் சேராது. "இபிஎஃப் எல்லாம் அண்ணி எடுத்துக்கிட்டாங்க" என்று சண்டை போடுவதற்கு முன், யார் பெயர் இருந்தது என்று கேளுங்கள்.

இனி எங்கள் வீட்டுக் கணக்குக்கு வருவோம். தாத்தா இறந்தபோது அவருடைய பெற்றோர் இல்லை. பாட்டிக்கு மூன்றில் ஒன்று. நான்கு பிள்ளைகளுக்கும் ஆளுக்கு ஆறில் ஒன்று. பாட்டி இறந்ததும் அவருடைய மூன்றில் ஒன்று நான்காகப் பிரிந்தது. ஆக ஆளுக்கு நான்கில் ஒன்று. சின்ன மாமா இறந்ததும் அவருடைய கால் பங்கு அத்தைக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் ஆளுக்குப் பன்னிரண்டில் ஒன்றாகப் பிரிந்தது.

தாமதம் என்ன செய்யும் என்று இங்கே பாருங்கள். 2014-இல் முடித்திருந்தால் ஒரு விண்ணப்பத்தோடு போயிருக்கும். இப்போது தாத்தாவுக்கு ஒன்று, பாட்டிக்கு ஒன்று, சின்ன மாமாவுக்கு ஒன்று என்று மூன்று பேருடைய சொத்து விவகாரம். வாரிசுகளில் ஒருவன் 18 வயது நிரம்பாதவன். அவன் பங்கில் யாரும் நினைத்தபடி முடிவெடுக்க முடியாது. இன்னும் பத்து வருடம் போனால், முகமே பார்க்காத பேரப்பிள்ளைகள் கையெழுத்துப் போட வேண்டி வரும். கிள்ளான் பள்ளத்தாக்கில் புல் முளைத்துக் கிடக்கிற எத்தனையோ வீடுகளைப் பார்க்கும்போது, அங்கேயும் இப்படி ஒரு கதை இருக்குமோ என்று இப்போதெல்லாம் தோன்றுகிறது.

38 வருடம் காத்திருந்த உயில்

இது நம் தலைமுறையில் வந்த நோய் இல்லை. சென்னை பச்சையப்பன் கல்லூரியைக் கேள்விப்படாத தமிழர் குறைவு. அதன் பின்னால் இருப்பதும் ஒரு சொத்து இழுபறிதான். பச்சையப்ப முதலியார் கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் பெரும் செல்வம் சேர்த்தவர். 1794-இல், தம் நாற்பதாவது வயதில் இறப்பதற்குச் சில நாள் முன்பு, தம் சொத்தைக் கோயில் கைங்கரியத்துக்கும் தர்மத்துக்கும் எழுதி வைத்தார். சொத்தைக் கையில் வைத்திருந்தவர்களும் உறவினர்களும் மோதிக்கொண்டார்கள். தர்மம் நடக்கவில்லை. விஷயம் சென்னை உச்ச நீதிமன்றத்துக்குப் போய், 1832-இல்தான் தீர்ப்பு வந்து பணம் தர்மத்துக்கு ஒதுங்கியது. 1842-இல் பச்சையப்பன் பள்ளி திறந்தது. எழுதி வைத்தவர் கண்மூடி 48 வருடம்.

அங்கே பணத்தை மீட்டது, நீதிமன்றத்தில் யாரோ ஒருவர் கணக்குக் கேட்டதுதான். கேட்காமலே இருந்திருந்தால் அந்தப் பள்ளி இருந்திருக்காது.

படிப்படியாக என்ன செய்யலாம்?

முதல் படி, நிலப் பத்திரத் தேடல். எந்த வீட்டின் கெரான் விவரத்தையும் சிறு கட்டணம் கட்டி நில அலுவலகத்தில் தேடிப் பார்க்கலாம். 'சாரியான் பெர்செண்டிரியான்' என்று கேளுங்கள். வீடு இன்னும் தாத்தா பெயரில் இருக்கிறதா, நிர்வாகி பெயரில் இருக்கிறதா, அடமானம் ஏறியிருக்கிறதா, வேறு யாருக்காவது மாறிவிட்டதா என்பது தெரியும். வதந்தியை வைத்துச் சண்டை போடுவதற்கு முன் இந்த ஒரு தாளை எடுங்கள்.

இரண்டாவது, எழுத்தில் கேளுங்கள். சாப்பாட்டு மேசையிலும் கல்யாண மண்டபத்திலும் கேட்டது கணக்கில் வராது. மரியாதையான ஒரு கடிதம் போதும். சொத்துப் பட்டியல், வரவு செலவு, எப்போது முடியும் என்ற உத்தேசத் தேதி, இந்த மூன்றையும் கேளுங்கள். ஒரு மாத அவகாசம் கொடுங்கள். நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, நியமனமே நடக்கவில்லை என்றால் மூத்தவர் வருவார் என்று காத்திருக்க வேண்டாம். உயில் இல்லாத, வீடோ நிலமோ அடங்கிய சொத்து மொத்தம் 50 லட்சம் வெள்ளிக்கு மேல் போகாவிட்டால், 1955-ஆம் ஆண்டின் சிறு சொத்துப் பங்கீட்டுச் சட்டப்படி நில அலுவலகத்தின் சொத்துப் பங்கீட்டுப் பிரிவில் முடித்துக்கொள்ளலாம். 2024 ஜூலைக்கு முன் இந்த வரம்பு 20 லட்சமாக இருந்தது. 'பாராங் ஏ' என்ற விண்ணப்பத்தை எந்த வாரிசும் கொடுக்கலாம், கடைசித் தங்கையும் கொடுக்கலாம். வீடு, நிலம் எதுவும் இல்லாமல் வங்கிப் பணம் மாதிரியான சொத்து மட்டும் 6 லட்சம் வெள்ளிக்குள் இருந்தால் அமானா ராயா நிறுவனம் வழி உண்டு. அதைவிடப் பெரியவையும் உயில் உள்ளவையும் உயர் நீதிமன்றத்துக்குப் போகும்.

நான்காவது, கடிதத்துக்குப் பதில் இல்லாவிட்டால் வழக்கறிஞர் மூலம் அறிவிப்பு. அதற்கும் பதில் இல்லாவிட்டால் கணக்கு வைக்கும்படி நீதிமன்றத்தில் மனு. நில அலுவலகம் நியமித்த நிர்வாகி என்றால், அங்கேயே பின்தொடர் விண்ணப்பம் கொடுத்து வேறு நிர்வாகியைக் கேட்கும் வழியும் இருக்கிறது.

கடைசிப் படிதான் நீக்கச் சொல்லிக் கேட்பது. இதில் ஓர் எச்சரிக்கை. அண்ணன் தம்பிக்குள் பேச்சு வார்த்தை இல்லை என்பது மட்டும் போதாது. 1884-இல் லண்டன் பிரிவி கவுன்சில் ஒரு தென்னாப்பிரிக்க வழக்கில் சொன்ன கொள்கையை இன்றும் நீதிமன்றங்கள் எடுத்துக்காட்டுகின்றன: பொறுப்பாளரை நீக்குவதா என்று முடிவு செய்யும்போது, பயனாளிகளின் நலனே முதல் அளவுகோல். அதனால் உங்கள் கோபத்தைவிட உங்கள் கோப்புதான் பேசும். அனுப்பிய கடிதம், வராத பதில், வாடகை ரசீது, தேடல் தாள் எல்லாம் அதில் இருக்கட்டும்.

காலத்தையும் மறக்க வேண்டாம். இறந்தவர் சொத்தில் பங்கு கேட்டு வழக்குப் போட, காலவரம்புச் சட்டம் பொதுவாக 12 ஆண்டு கொடுக்கிறது. மோசடி நடந்திருந்தால் நிலைமை வேறு. ஆனால் அதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். வசதி குறைந்தவர்களுக்கு அரசாங்கத்தின் சட்ட உதவித் துறையும், வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையமும் இருக்கின்றன.

நீங்களே நிர்வாகியா?

இதைப் படிக்கிறவர்களில் சிலர் அந்த "அண்ணன்" இடத்தில் இருக்கலாம். உங்களுக்கும் ஒரு வார்த்தை. சொத்துக்கென்று தனி வங்கிக் கணக்கு திறங்கள். வாடகை அதில் வரட்டும், மதிப்பீட்டு வரியும் நிலவரியும் அதிலிருந்து போகட்டும். ரசீதுகளை ஒரு உறையில் போடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை குடும்ப வாட்ஸ்அப்பில் ஒரு பக்கக் கணக்கு அனுப்புங்கள். யாரும் கேட்காவிட்டாலும் அனுப்புங்கள். கேட்ட பிறகு காட்டும் கணக்கைவிட, கேட்காமல் காட்டும் கணக்குக்கு மதிப்பு அதிகம்.

அம்மா எழுதிய கடிதம்

2022 கடைசியில் என் அம்மா எழுத உட்கார்ந்தார். தட்டச்சு செய்து தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். "அன்புள்ள அண்ணனுக்கு" என்று ஆரம்பித்துக் கைப்படவே எழுதினார். சின்ன மாமா பிள்ளைகளின் படிப்பைப் பற்றி இரண்டு வரி. பிறகு, "வீட்டுக் கணக்கை எல்லாரும் ஒருமுறை உட்கார்ந்து பார்த்துவிட்டால் நமக்குப் பிறகு பிள்ளைகளுக்குள் மனக்கசப்பு வராது." அவ்வளவுதான்.

மூன்று வாரம் பதில் இல்லை. அம்மாவுக்குத் தூக்கம் இல்லை. நான்காவது வாரம் மாமா தானாகவே வந்தார், கையில் ஒரு பிளாஸ்டிக் பையோடு. முதல் வார்த்தையே, "என்ன தங்கச்சி, அண்ணன்கிட்டயே கணக்கு கேட்டுட்ட." அம்மா தலை நிமிரவில்லை. ஆனால் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் இல்லை.

பையில் நான்கு 555 நோட்டுப் புத்தகங்கள். மாமா எழுதித்தான் வைத்திருந்தார். 2016 முதல் ஏழு வருடத்தில், வீடு காலியாகக் கிடந்த ஐந்து மாதம் போக, வாடகை 86,900 வெள்ளி. கூரை, குழாய், சாயம், வரி எல்லாம் சேர்த்துச் செலவு 31,400. மிச்சம் 55,500 இருக்க வேண்டும். வங்கியில் 33,500-தான் இருந்தது.

மீதி 22,000 எங்கே என்று யாரும் கேட்கவில்லை. மாமாவே சொன்னார். மகனின் கல்லூரிக் கட்டணத்துக்கு எடுத்தார். திருப்பி வைத்துவிடலாம் என்று நினைத்தார், முடியவில்லை. வைக்க முடியாததால் வீட்டைப் பற்றிப் பேச்சையே எடுக்கவில்லை. ஏழு வருடத் தாமதத்தின் முழுக் காரணமும் அதுதான்.

அம்மா அழுதார். அத்தை அழவில்லை. "கணக்குல கழிச்சுக்கலாம் மாமா" என்றார். அப்படித்தான் செய்தார்கள். மாமாவின் கால் பங்கு 13,875. எடுத்தது 22,000. கூடுதலாகப் போன 8,125 வெள்ளியை, வீட்டில் அவருக்கு வரும் பங்கில் கழித்துக்கொள்வதாக எல்லோரும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.

எல்லாம் முடிந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். பாட்டி பங்குக்கான மனு முடிந்தது. சின்ன மாமாவுடையது இன்னும் நடக்கிறது. கடந்த தீபாவளிக்குப் பெரிய மாமா வீட்டில் பேச்சு கொஞ்சம் குறைவாகத்தான் இருந்தது. ஆனால் நில அலுவலகத்துக்கு அத்தையை ஒவ்வொரு முறையும் காரில் கூட்டிப் போகிறவர் அவர்தான். வாடகைக் கணக்கு இப்போது மாதா மாதம் குடும்ப வாட்ஸ்அப்பில் வருகிறது, 555 நோட்டின் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புகிறார்.

கிள்ளான் அக்கா, நீங்கள் இதைப் படிக்கிறீர்களா என்று தெரியவில்லை. அன்றிரவு நீங்கள் கேட்ட பாட்டைப் போட்டேன், கேள்விக்குத்தான் பதில் சொல்லவில்லை. தப்பில்லை அக்கா. ஒரு தாளும் பேனாவும் எடுத்து, "அன்புள்ள அண்ணனுக்கு" என்று ஆரம்பியுங்கள்.